எவரெஸ்ட் அடிவார முகாம் நடையில் கால்விரல் மரத்தது, சரியானது

வழியில் இருக்கும் நாம்சே பஜார் என்ற ஊரைத் (3,440 மீட்டர்) தாண்டியதிலிருந்து, காலையில் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே கால்விரல்கள் மரத்துப்போயின. உடம்பும் கையும் கதகதப்பாகத்தான் இருந்தன. ஷூவைக் கழற்றித் தேய்த்தால் சரியாகும். மாட்டினால் மறுபடி அதே கதை.

கம்பளி சாக்ஸ் மேல் இன்னொன்று போட்டேன். இன்னும் மோசம். அப்புறம், குலுக்கினால் சூடாகும் பொட்டலங்களை விரலுக்கடியில் வைத்தேன். கையில் சுட்டது, ஷூவுக்குள் போனதும் ஆறிவிட்டது. மட்டமான சரக்கு என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அதற்குள் இருப்பது இரும்புத்தூள். ஆக்சிஜனோடு சேர்ந்தால்தான் சூடு. இறுகிய ஷூவுக்குள் காற்றுக்கு எங்கே போவது? 5,000 மீட்டர் பக்கம் வெளிக்காற்றிலேயே ஆக்சிஜன் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதி சொச்சம்தான்.

டிங்போச்சேயில் (4,410 மீட்டர்) வழிகாட்டி, ஷூவுக்குள் விரல்களை ஆட்டச் சொன்னார். அசையவே இடமில்லை. ரத்தம் ஓடாத இடத்தில் எத்தனை சாக்ஸ் போட்டு என்ன? இரண்டாவதைக் கழற்றினேன். முன்பாதத்தில் கயிற்றைத் தளர்த்தி, நடுவில் ஒரு முடிச்சு, கணுக்காலில் மட்டும் இறுக்கம். அந்த நடு முடிச்சு இல்லாவிட்டால் நடக்க நடக்க மேலிருக்கும் இறுக்கம் கீழே இறங்கிவிடும். தூங்கும்போது போட்ட சாக்ஸையும் கிளம்பும் முன் மாற்றினேன், அதில் வியர்வை ஈரம் இருக்கும்.

அடிவார முகாம் பக்கத்துக் குன்றான காலாபத்தரில் விடியும் முன் ஏறியபோது விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பொட்டலங்கள் கையுறைக்குப் போயின. ஷூ வாங்கும்போது தடித்த சாக்ஸ் மாட்டிக்கொண்டு, கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் அளவு பாருங்கள்.