கூந்தன்குளம் நாரைப் படங்கள்: மூலக் கோப்பு கெடாமல் திருத்த

திருநெல்வேலி மாவட்டப் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளத்தில் உச்சி வெயிலில் எடுத்த மஞ்சள் மூக்கு நாரையின் வெள்ளைச் சிறகு வெளிறிப்போவது வழக்கம். ஜேபெக்கில் ஒரு வண்ணத்துக்கு 256 படிநிலைதான். கேமரா சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ரா (RAW) கோப்பில், அது 14 பிட் என்றால், 16,384. ராவிலேயே எடுங்கள்.

மெமரி கார்டில் வைத்துத் திருத்த வேண்டாம். கணினிக்கு நகலெடுங்கள், பெயர் மாற்றுவதானால் அப்போதே மாற்றிவிடுங்கள். பிறகு டார்க்டேபிளில் திறங்கள், இலவச மென்பொருள்தான். செய்யும் மாற்றமெல்லாம் பக்கத்திலேயே எக்ஸ்எம்பி என்ற சிறு கோப்பில் எழுதப்படும். ரா அப்படியே இருக்கும். பின்னால் ராவை மட்டும் வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினால் இரண்டும் பிரிந்து, செய்த வேலை படத்தில் தெரியாது. நிறையப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். இரண்டையும் சேர்த்தே பேக்கப் எடுங்கள்.

முதலில் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்சத்தை, அரை ஸ்டாப், ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதி) என்று குறைத்துச் சிறகைப் பெரிதாக்கிப் பாருங்கள். இறகின் கோடுகள் தெரிந்தால் படம் பிழைத்தது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் நிரம்பி வழிந்த இடத்தை எந்த ஸ்லைடரும் மீட்காது. சாம்பல் திட்டுதான் மிஞ்சும்.

அடுத்து ஒயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறத்தைச் சரிசெய்வது. நிழல்பக்கச் சிறகில் வானத்தின் நீலம் ஏறியிருக்கும். நிற வெப்பநிலையான கெல்வினைக் கொஞ்சம் கூட்டுங்கள், படம் மஞ்சள் பக்கம் நகரும். வாலருகே உள்ள ரோஜா நிற இறகு ஆரஞ்சுக்குத் திரும்பினால் கூட்டியது அதிகம்.

கறுப்பு வெள்ளையும் வேண்டுமா? டூப்ளிகேட் கொடுங்கள். ரா ஒன்றேதான், எக்ஸ்எம்பி மட்டும் இரண்டாகும்.