சம்பள ஏற்றம் நின்ற கடிதத்தைத் தேடுங்கள்: திருமலைக் (திருகோணமலை) குடும்பத்தின் எதிர்ப்பு வரலாற்றைப் பதியும் முறை

அப்பப்பாவின் முன்னால் போனை வைத்து “1961 சத்தியாக்கிரகத்தைப் பற்றிச் சொல்லுங்கோ” என்று தொடங்க வேண்டாம். மேடைப் பேச்சுத்தான் வரும். முதலில் றங்குப்பெட்டியைத் திறந்து தாள்களைப் பாருங்கள்.

தென்னாபிரிக்காவில் வாங்கிலும் பேருந்திலும் பலகை மாட்டி இனம் பிரித்தார்கள். இங்கே இலங்கையில் அந்த வேலையைச் சட்டமும் சுற்றறிக்கையும் செய்தன. சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கிய 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரச கரும மொழிச் சட்டம் வந்த பிறகு, சிங்களப் பரீட்சை எழுதாத அரச ஊழியரின் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. எழுத மறுத்த கோடீஸ்வரன் என்ற எழுதுவினைஞர் தொடுத்த வழக்கு 1969இல் லண்டன் பிரிவி கவுன்சில் (அன்றைய உச்ச மேன்முறையீட்டு மன்றம்) வரை போனது. ஆகவே உங்கள் வீட்டில் யாராவது கச்சேரியிலோ (மாவட்ட அரச அலுவலகம்) தபால் கந்தோரிலோ பள்ளிக்கூடத்திலோ வேலை பார்த்திருந்தால், நியமனக் கடிதம், இடமாற்றக் கடிதம், சம்பளத் துண்டு, ஓய்வூதியக் கோவை ஆகியவற்றைத் தேடுங்கள். ஊர்வலத்தில் போகாமல், பரீட்சை எழுதாமலே இருந்தவரும் எதிர்த்தவர்தான். வீட்டுக் கதைகளில் இவருக்குப் பெரும்பாலும் இடம் கிடைப்பதில்லை.

திருமலையின் உப்புக்காற்றில் குண்டூசியும் கிளிப்பும் துருப்பிடித்துத் தாளோடு ஒட்டியிருக்கும். இழுத்தால் கிழியும். கிளிப்புக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டொன்றைச் செருகி, பிறகு கிளிப்பை மெதுவாக விரித்து எடுக்க வேண்டும். எதையும் பிரிக்குமுன், இருந்த வரிசையிலேயே படம் எடுத்துவிடுங்கள். எந்தத் தாள் எதற்குள் மடிந்திருந்தது என்பதும் தகவல்தான். லமினேற் செய்யாதீர்கள். அந்தச் சூட்டையும் பசையையும் பிறகு நீக்க முடியாது. செலோடேப்பும் வேண்டாம், சில ஆண்டுகளில் மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். கடிதங்களை 300 டிபிஐ அளவிலும் சிறிய புகைப்படங்களை 600 டிபிஐ அளவிலும் ஸ்கான் செய்தால் போதும். படத்தின் பின்புறத்தையும் ஸ்கான் செய்யுங்கள், ஸ்டூடியோ முத்திரை அங்கேதான் இருக்கும். 1961 ஏப்ரலில், சத்தியாக்கிரகத்தை முன்னின்று நடத்திய தமிழரசுக் கட்சி, அரசை மீறித் தானே நடத்திய தபால் சேவையின் முத்திரை ஏதாவது உறையில் இருந்தால் அதைத் தனியே உரித்தெடுக்க வேண்டாம். உறையோடு இருந்தால்தான் அதற்குச் சான்று மதிப்பு.

இனி நேர்காணல். இங்கே பெரும்பாலான பதிவுகளைக் கெடுப்பது ‘கலவரம்’ என்ற ஒற்றைச் சொல். 1958, 1977, 1983 மூன்றும் அதற்குள் கலந்துவிடும். “எந்த ஆண்டு?” என்று நேரே கேட்டால் ஏதோ ஓர் ஆண்டைச் சொல்லிவிடுவார்கள். ஊரறிந்த நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டு கேளுங்கள். வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தைக் கையளித்ததற்கு (1957 ஒக்டோபர்) முன்னா, பின்னா? 1964 டிசெம்பர்ச் சூறாவளியில் கூரை போன வீட்டில் இருந்தபோதா? வாகன இலக்கத்தில் சிங்கள ‘ஸ்ரீ’ வந்த காலமா? அப்போது மாமி பிறந்துவிட்டாரா? இரண்டு பதில்கள் ஒன்றோடொன்று பொருந்தினால் ஆண்டை எழுதலாம். பொருந்தாவிட்டால் ‘1957–58’ என்று எழுதுங்கள்.

இன்னும் இரண்டு குழப்பங்கள் அடிக்கடி வரும். தமிழரசுக் கட்சியின் திருமலை மாநாடு 1956 ஓகஸ்டில் நடந்தது. நடராசன் என்ற இளைஞர் கறுப்புக்கொடி ஏற்றப் போய்ச் சுடப்பட்டது 1957 பெப்ரவரி 4, சுதந்திர தினத்தன்று. “அந்தக் கூட்டத்தில்தான் சுட்டவங்கள்” என்று இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதேபோல, 1961 பெப்ரவரி 20இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் தொடங்கிய சத்தியாக்கிரகம் பிறகுதான் திருமலைக்கு வந்தது. ஏப்ரல் 17இல் அவசரகாலநிலை அறிவிக்கப்பட்டது. “பனாகொடையில் மறித்து வைத்தவை” (பனாகொடை இராணுவ முகாமில் தடுத்து வைத்தார்கள்) என்று யாரைப் பற்றியாவது சொன்னால் அங்கிருந்து வந்த கடிதத்தைக் கேளுங்கள். தபால் முத்திரையில் திகதி இருக்கும்.

அம்மம்மாவைத் தனியாக இருத்திக் கதையுங்கள். ஆண்கள் பக்கத்தில் இருந்தால் “அவருக்குத்தான் தெரியும்” என்று சொல்லி ஒதுங்கிவிடுவார். கச்சேரி வாசலில் இருந்தவர்களுக்குச் சோறு கட்டியது யார், அரிசி யார் வீட்டிலிருந்து வந்தது, சம்பளம் குறைந்த மாதங்களில் எந்த நகை அடகுக்குப் போனது? இவற்றுக்கு அவரிடம்தான் பதில் இருக்கும். அடகுச் சீட்டு கிடைத்தால் அதையும் ஸ்கான் செய்யுங்கள்.

பதிவு செய்யும்போது ஃபானை நிறுத்துங்கள். வெக்கையாக இருந்தால் காலை ஏழு மணிக்கே தொடங்குங்கள். போனை ஃபிளைற் மோடில் இட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, மேசையில் மடித்த துவாய் மேல் வையுங்கள். இரண்டாவது போன் ஒன்றிலும் பதிவு ஓடட்டும். ‘வேவ்’ கோப்பு, 48 கிலோஹேட்ஸ், 24 பிட், ஒற்றைத் தடம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 500 மெகாபைட் பிடிக்கும். ஒரு தடவைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அதை எழுத்தாக்க ஆறேழு மணி நேரம் போகும்.

கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போகுமுன் மாதத்தையாவது உறுதிசெய்துகொள்ளுங்கள். ‘வீரகேசரி’, ‘தினகரன்’ பழைய இதழ்களை மாதக்கணக்கில் புரட்டினால் நாள் போய்விடும். ‘சுதந்திரன்’ கட்சிப் பத்திரிகை. அதில் வரும் கூட்டத் தொகையை அப்படியே எழுதாமல், மற்றப் பத்திரிகையில் வந்த தொகையையும் பக்கத்தில் போடுங்கள். ஆங்கிலப் பதிவுகளில் ஒரே ஆளின் பெயர் மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் வரலாம். தகப்பன் பெயரின் முதலெழுத்தும் ஊரும் பொருந்தினால்தான் அவர் உங்கள் ஆள்.

உயிரோடு இருப்பவர்களின் பெயர், பிற்கால ஆயுத இயக்கத் தொடர்பு, காணிப் பிணக்கு ஆகியவை வரும் பகுதிகளைத் தனிக் கோப்பாக வெட்டி வையுங்கள். சொன்னவர் சம்மதம் தராமல் குடும்ப வட்ஸ்அப் குழுவில்கூடப் போட வேண்டாம். கோப்புப் பெயரை ‘1961-04_கடிதம்_01’ என்று ஆண்டில் தொடங்கினால் தானாகவே காலவரிசையில் நிற்கும். மூன்று பிரதிகளில் ஒன்று கட்டாயம் ஊருக்கு வெளியே இருக்க வேண்டும். கொழும்பிலோ கனடாவிலோ உள்ள மருமகனிடம் கொடுத்து, ஆண்டுக்கொருமுறை அதைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.