பழைய அட்டையில் குட்டி மரம்: அது வளைவதும் சாய்வதும் எதனால்?

ஆசையாகச் செய்து வைத்த அட்டை மரம் இரண்டாம் நாளே இடுப்பொடிந்து நின்றால், பழி பெரும்பாலும் பசையின் மேல் விழும். தவறு அதற்கு வெகு முன்பே, அட்டையில் உருவம் வரையும்போதே நடந்திருக்கும்.

பார்சல் பெட்டியில் ஒரு துண்டை வெட்டி அதன் ஓரத்தைப் பாருங்கள். இரண்டு தட்டைத் தாள்களுக்கு நடுவே அலை அலையாக ஒரு தாள் இருக்கும். அந்த அலைகள் வரிசையாகக் குழல்களை உண்டாக்குகின்றன. குழல் ஓடும் திசையில்தான் அட்டைக்குப் பலம். ஆகவே குழல்கள் அடியிலிருந்து உச்சிக்குப் போகும்படி மரத்தை வரைய வேண்டும். கையில் இருக்கும் துண்டில் அடங்கினால் போதும் என்று குறுக்கே வரைந்தால், தண்டு ஒரு குழலின் வழியாக மடங்கிவிடும். தண்டை இப்படி நிமிர்த்தும்போது, பக்கவாட்டுக் கிளைகளில் குழல்கள் குறுக்கே விழும். அதனால் கிளையை விரல்போல் ஒல்லியாக நீட்டக் கூடாது. தண்டோடு சேரும் இடம் 3 செ.மீ. அகலம், நீளமும் அவ்வளவே என்று முக்கோணமாக வைத்தால் தாங்கும்.

இரண்டு வடிவங்களைக் குறுக்கே கோத்து நிறுத்தும் மரத்தில் அதிகம் சொதப்புவது காடிதான், அதாவது ஒன்று மற்றொன்றுக்குள் நுழைவதற்காக வெட்டும் நீள இடைவெளி. 20 செ.மீ. உயர மரமென்றால் ஒன்றில் உச்சியிலிருந்து கீழே 10 செ.மீ., மற்றதில் அடியிலிருந்து மேலே 10 செ.மீ. வெட்ட வேண்டும். இரண்டையும் உச்சியிலிருந்தே வெட்டிவிட்டு விழிப்பது சகஜம். பென்சிலால் முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். காடியின் அகலம் அட்டையின் தடிமனுக்குச் சமமாக, பெரும்பாலும் 3 அல்லது 4 மி.மீ. இருக்க வேண்டும். வெறும் கோடாகக் கீறினால் அட்டை பிதுங்கும், அகலம் கூடினால் மரம் ஆடும். ஒரு துண்டில் வெட்டிப் பார்த்து, கொஞ்சம் இறுக்கமாக நுழைகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

மழுங்கிய பிளேடு குழல்களை நசுக்கி ஓரத்தைப் பிசிறாக்கும். ஒரே அழுத்தில் வெட்டாமல் மேல் தாளுக்கு ஒரு கீறல், அலைக்கு ஒன்று, அடித்தாளுக்கு ஒன்று என மூன்று முறை போங்கள். கிளை தண்டைத் தொடும் உள்மூலையில் பிளேடைத் திருப்பினால் தாள் கிழியும். மூலை வரை வந்து நிறுத்திவிட்டு, மறுபக்கத்திலிருந்து அதே மூலைக்கு வாருங்கள்.

குச்சியில் சதுரங்களை அடுக்கிச் செய்யும் மரத்தில் இடைத்துண்டு வைக்காமல் விடுவதுதான் பெரிய குறை. 10 செ.மீ. முதல் 1 செ.மீ. வரை பத்துச் சதுரங்களை 3 மி.மீ. அட்டையில் வெட்டி அடுக்கினால் மொத்த உயரம் 3 செ.மீ.தான். பார்த்தால் மரம்போலவே இருக்காது. ஒவ்வோர் இடைவெளிக்கும் 1.5 செ.மீ. சதுரங்கள் மூன்று, ஆக 27 துண்டுகள் வைத்தால் 11 செ.மீ. தாண்டும். உச்சியில் மட்டும் இன்னும் சிறிய துண்டுகள் போதும்.

வெள்ளைப் பசையை ஊற்றினால் தாள் ஊறி அலையும். அட்டைக் கீற்றால் மெல்லிதாக இழுத்துவிட்டாலே பிடித்துக்கொள்ளும். எண்ணெய் பட்ட பெட்டியில் எந்தப் பசையும் ஒட்டாது, அதைத் தூர வையுங்கள். அடித்தட்டுக்கு 10 செ.மீ. சதுரங்கள் மூன்றை, நடுவில் இருப்பதன் குழல் மட்டும் குறுக்கே வரும்படி ஒட்டி, ஓர் இரவு புத்தகங்களின் கீழ் அழுத்தி வையுங்கள்.

பெயிண்ட்டை ஒரு பக்கம் மட்டும் பூசினால், காயும்போது சுருங்கி அட்டையை அந்தப் பக்கமாக இழுத்து வளைக்கும். கோப்பதற்கு முன்பே இரு பக்கமும் மெல்லிய பூச்சாகப் பூசுங்கள், ஆனால் காடிக்குள் வேண்டாம். விளக்கு வைப்பதானால் சிறிய எல்.இ.டி. மட்டுமே, மெழுகுவர்த்தி பக்கத்தில்கூட வரக் கூடாது. எடுத்து வைக்கும்போது ஈரமில்லாத இடமாகப் பாருங்கள். அலைத்தாளை ஒட்டியிருப்பது மாவுப்பசை என்பதால் ஈரம் பட்டால் பிரிந்துவிடும், ராமபாணப் பூச்சியும் தேடி வரும்.