உதவுங்கள், விசாரணை வேண்டாம்

வட இலங்கையில், எங்கள் வன்னியில் முன்பின் தெரியாத ஒருவருக்கு உதவச் சொல்லி யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. மாங்குளத்தில் இருந்து துணுக்காய்ப் பக்கமோ ஒட்டுசுட்டான் பக்கமோ உள்ளே போகிறவருக்கு ஒரு பஸ் தவறினால் என்ன பாடு என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் சந்தியில் கை காட்டினால் யாராவது மோட்டார் சைக்கிளை நிறுத்தத்தான் செய்வார்கள். மனசு நல்லதுதான், ஆனால் செய்கிற விதத்தில் சில இடங்களில் கோட்டை விடுகிறோம்.

எனக்கு ஆகவே பிடிக்காதது கேள்வி கேட்பது. ஏறி ஒரு கட்டை தூரம் போகமுதலே தொடங்கிவிடும்: "எந்த ஊர் அம்மா? மனுசன் என்ன செய்யிறார்? கடைசி நேரம் எங்கை நிண்டனீங்கள்?" கேட்கிறவருக்கு அது சும்மா வாய்ப்பேச்சு. பின்னால் இருப்பவர், 2009 இல் யுத்தம் முடிகிற நேரம் பிள்ளையை இராணுவத்திடம் கையளித்துவிட்டு இன்னும் தேடிக்கொண்டிருக்கிற தாயாக இருக்கலாம். கிளிநொச்சி கந்தசாமி கோவிலடியில் 2017 பெப்ரவரியில் இருந்து போராடிய தாய்மார் இதே கதையை ஆணைக்குழுவுக்கும் பத்திரிகைக்காரருக்கும் வந்து போன வெளிநாட்டவர்களுக்கும் சொல்லிச் சொல்லிக் களைத்தவர்கள். ஏற்றிவிட்டதற்கு வாடகையாக உங்களுக்கும் ஒருதரம் சொல்ல வேண்டுமா? பொய்க்கால் போட்டிருப்பவரிடம் "எந்த இடத்திலை?" என்று கேட்பதும் இதுதான். அவராகச் சொன்னால் கேளுங்கள், இல்லாவிட்டால் மழையைப் பற்றியும் இரணைமடுக் குளத்துத் தண்ணீரைப் பற்றியும் பேச எவ்வளவோ இருக்கிறது.

லிப்ட் கொடுக்கிறபோது இன்னும் சில. பொழுதுபடுகிற மம்மல் நேரத்தில் தனியே நடந்து போகிற பெண்ணின் பக்கத்தில் போய்ச் சடாரென்று பிரேக் அடிக்காதீர்கள், உங்கள் நல்லெண்ணம் அவளுக்கு எப்படித் தெரியும்? கொஞ்சம் தள்ளி முன்னுக்கு நிறுத்தி, நீங்கள் யார், எதுவரை போகிறீர்கள் என்று சொல்லுங்கள். வேண்டாம் என்றால் சரி என்று போய்விட வேண்டும், "பயப்பிடாதேங்கோ, ஏறுங்கோ" என்று இரண்டாம் தரம் வற்புறுத்தினால்தான் உண்மையான பயமே தொடங்கும். வயதான அம்மா ஏறினால் சேலைத் தலைப்பைச் சுருட்டி மடியில் வைத்திருக்கச் சொல்லுங்கள், சில்லுக்குள் போனால் ஆளையும் சேர்த்து இழுத்துவிடும். சைலன்சர் எந்தப் பக்கம் என்றும் சொல்லிவிடுங்கள், கெண்டைக்காலில் சுட்டுக்கொண்ட பிறகு சொல்லிப் பிரயோசனமில்லை. பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம், "கிட்டத்தானே" என்ற கதை விபத்துக்குத் தெரியாது.

அடுத்தது பிரதேச செயலகம். கொழும்பில் இருந்து சிங்களத்தில் ஒரு கடிதம் வரும், வாசிக்கத் தெரியாமல் ஒரு ஐயா அதைப் பொலித்தீன் பைக்குள் இருந்து எடுத்து, பக்கத்தில் இருக்கிற உங்களிடம் நீட்டுவார். வாங்கி வாசித்துச் சொல்கிறோம், நல்லது. ஆனால் வாங்கில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக, "ஓ, உங்கட விண்ணப்பத்தைத் தள்ளிப்போட்டாங்கள்!" என்று சொல்கிறோமே, அந்த ஐயாவின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? வெளியே மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய் மெதுவாகச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? படிவம் நிரப்பிக் கொடுத்தால் கையெழுத்து வைக்கமுதல் எழுதியதை ஒருக்கா வாசித்துக் காட்டுங்கள், அடையாள அட்டை இலக்கத்தில் ஒரு எண் மாறினாலும் அந்த மனுசன் திரும்பவும் அலைய வேண்டும்.

படம் எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. ஒரு அரிசிப் பையின் ஒரு முனையைக் கொடுக்கிறவரும் மறு முனையை வாங்குகிறவரும் பிடித்துக்கொண்டு கமராவைப் பார்க்கிற படத்தை நாங்கள் எல்லாரும் போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்தாயிற்று. வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பினவருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்றால் கடைப் பற்றுச்சீட்டை அனுப்புங்கள். அந்த வீட்டுப் பிள்ளை நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும்.

கண்டியில் இருந்து யாழ்ப்பாணம் போகிற ஏ9 ரோட்டில் இரவில் மாடு குறுக்கே வந்து விபத்து நடப்பது இங்கே புதினமில்லை. சுற்றி நிற்பவர்கள் உடனே செய்வது இரண்டு: வாயில் தண்ணீர் ஊற்றுவது, கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஓட்டோவுக்குள் திணிப்பது. நினைவில்லாதவருக்குத் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போகும். கழுத்திலோ முதுகெலும்பிலோ அடி என்றால் அந்தத் தூக்கலிலேயே காயம் மோசமாகிவிடும். 1990 க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம், பக்கத்தில் உள்ள சந்தியையோ கோவிலையோ தெளிவாகச் சொல்லுங்கள். அது வரும்வரை வாகனங்கள் மேலே ஏறாமல் ரோட்டில் டோர்ச் அடித்துக்கொண்டு நிற்பது பெரிய உதவி.

யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோவிலில் இருந்து கதிர்காமத்துக்கு யாத்திரையாக நடந்து போகிறவர்கள் முல்லைத்தீவுப் பக்கத்தால் வரும்போது எங்கள் சனம் அள்ளிக் கொடுக்கும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வெயிலில் நடந்து வந்த காலுக்கு முதலில் தேவை நிழலும் கழுவத் தண்ணீரும். மோரைக் கொடுங்கள், சாப்பாட்டைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள், ஏற்கெனவே மூன்று வீட்டில் சாப்பிட்டவருக்கு நாலாவது தடவையும் சோற்றைப் போட்டுவிட்டு இலையைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.

கடைசியாக, திருப்பித் தருவதை மறுப்பது. பெட்ரோலுக்கு என்று காசை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் உங்களோடு வந்தவர் முறிகண்டியில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு ஒரு சரை கச்சான், அதுதான் நிலக்கடலை, வாங்கி நீட்டினால், "ஐயோ, ஏன் சும்மா" என்று இழுத்துக்கொண்டு நிற்காமல் வாங்கி, அவருக்கும் கொஞ்சம் கொடுத்து, கோதை ரோட்டில் போடாமல் சாப்பிடுங்கள்.