எட்டு அசையை ஆறாக்கிய கதை

பிசியோதெரபி முதலாண்டு வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) நான்கு நாள்தான் இருந்தது. கழுத்துத் தசை ஒன்றின் பெயர் மட்டும் வாயில் நிற்கவில்லை: ஸ்டெர்னோக்ளைடோமாஸ்டாய்ட்.

பத்து முறை எழுதிப் பார்த்தேன், ஸ்பெல்லிங்தான் மனப்பாடமானது. அப்புறம் மொபைலில் உச்சரிப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். கேட்கும்போது சரி, சொல்லும்போது பழைய குருடி கதைதான். இரண்டு நாள் போச்சு.

மூன்றாம் நாள் விரல்விட்டு எண்ணினேன். அகராதியில் ஆறு அசை, என் வாயில் எட்டு! ‘இஸ்டெர்னோ’ என்று முன்னால் ஓர் இகரம், ‘கிளைடோ’ என்று நடுவில் இன்னொன்று. மெய்யில் சொல் தொடங்கினால் நம் நாக்கு கேட்காமலே உயிரைச் செருகிவிடுகிறது. அழுத்தமும் தப்பு. முதல் அசையை ஓங்கிச் சொன்னேன். முதன்மை அழுத்தம் ஐந்தாவதான ‘மாஸ்’ மேல்.

சரியென்று கடைசியிலிருந்து தொடங்கினேன். காதுக்குப் பின்னுள்ள எலும்பு முண்டில் விரல் வைத்து ‘மாஸ்டாய்ட்’. கழுத்துக்குக் கீழே உள்ள காறை எலும்பின் உள்முனைக்கு இறங்கி ‘க்ளைடோமாஸ்டாய்ட்’. மார்பெலும்பின் மேல்விளிம்பில் முழுச்சொல். தசை தொடங்கும் இரண்டு எலும்புகள் பெயரின் முன்னால், போய் ஒட்டும் இடம் கடைசியில். (‘க்ளைடோ’வின் கிரேக்க மூலத்துக்குச் சாவி என்று பொருளாம், காறை எலும்புக்கு வந்த பெயர்.) அரை மணி நேரத்தில் நாக்கு வழிக்கு வந்தது.

கண்ணாடி முன் செய்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: தலையை வலப்பக்கம் திருப்பினால் புடைப்பது இடப்பக்கத் தசை. நான் முதலில் தடவியது தலை திரும்பிய பக்கத்தை.