வாசற்கதவுக்கு அருகிலுள்ள மின்பெட்டி: சிங்கப்பூரில் புதிதாக வீடு எடுப்பவர்களுக்கு

சாவியை வாங்கிக்கொண்டு வாடகை வீட்டுக்குள் நுழையும் நாளில், பால் காய்ச்ச அடுப்பு எரிகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, இணைய இணைப்பு எப்போது கிடைக்கும் என்றெல்லாம் பார்க்கிறோம். ஆனால் வாசற்கதவை ஒட்டிய சுவரில் உயரமாகப் பொருத்தப்பட்டிருக்கும் சிறிய மின்பெட்டியை அன்றே திறந்து பார்ப்பவர்கள் மிகக் குறைவு. எந்தச் சுவிட்ச் எந்த அறைக்கு மின்சாரம் தருகிறது என்பதை, குடியேறிய முதல் வாரத்திலேயே, பகல் வெளிச்சத்தில் ஒருமுறை கண்டறிந்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இந்த வழிகாட்டியில் நான் வலியுறுத்த விரும்புவது.

வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. இங்கு வந்த முதல் ஆண்டில், ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குடியிருந்தபோது, மழை பெய்த ஓர் இரவில் வீடு முழுவதும் இருண்டுபோனது. கையில் எட்டு மாதக் குழந்தை. மின்பெட்டியைத் திறந்தால், முன்பு குடியிருந்தவர் சீன மொழியில் எழுதி ஒட்டியிருந்த சீட்டுகள் பாதி அழிந்து கிடந்தன. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரியாமல், விசிறியும் குளிர்பதனப்பெட்டியும் இல்லாமல் விடியும்வரை காத்திருந்தோம். மறுநாள் வந்த மின்பணியாளர் பத்து நிமிடத்தில் காரணத்தைக் கண்டுபிடித்தார்: குளியலறையின் வாட்டர் ஹீட்டரில் மின்கசிவு. அதன் சுவிட்சை மட்டும் அணைத்திருந்தால் மற்ற அனைத்தும் அன்றிரவே வேலை செய்திருக்கும்.

ஊரில் கரண்ட் போனால் எதிர்வீட்டில் விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்ப்போம். அந்தப் பழக்கத்தை இங்கும் கைவிட வேண்டாம். கதவைத் திறந்து தாழ்வாரத்தைப் பாருங்கள். பொது விளக்குகளும் பக்கத்து வீட்டு விளக்குகளும் எரிந்தால் கோளாறு பெரும்பாலும் உங்கள் வீட்டுக்குள்தான் இருக்கிறது. புளோக் முழுவதும் இருண்டிருந்தால் மின்விநியோகத்தைக் கவனிக்கும் எஸ்பி குழுமத்தின் 1800-778-8888 என்ற எண்ணை அழைக்கலாம். இங்கு மின்வெட்டு அரிது என்பதால், முதலில் உங்கள் பெட்டியைச் சந்தேகிப்பதே சரி.

பெட்டியின் மூடியைத் திறந்தால் மூன்று வகைச் சாதனங்கள் தெரியும். வீடு முழுவதற்குமான மெயின் சுவிட்ச் ஒன்று. பழைய வீவக வீடுகள் சிலவற்றில் இது 30 ஆம்பியராகவும், பிற்காலத்து வீடுகளில் 40 ஆம்பியராகவும் இருக்கும். அடுத்து, சிறிய சோதனைப் பொத்தானுடன் சற்று அகலமாக இருப்பது மின்கசிவுத் துண்டிப்பான். மின்பணியாளர்கள் இதை ஆர்சிசிபி என்பார்கள். அதன் பிறகு வரிசையாக நிற்கும் ஒல்லியான சுவிட்சுகள் எம்சிபி எனப்படுபவை. ஒவ்வொன்றும் ஒரு மின்சுற்றுக்கு உரியது.

இவற்றில் ஆர்சிசிபியும் எம்சிபியும் ஒரே வேலையைச் செய்வதாகப் பலர் நினைக்கிறார்கள், அது ஆபத்தான எண்ணம். எம்சிபி கம்பியைக் காக்கிறது: அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்தாலோ ஷார்ட் சர்க்யூட் ஏற்பட்டாலோ அந்தச் சுற்றை மட்டும் துண்டிக்கிறது. ஆர்சிசிபி மனிதரைக் காக்கிறது: உள்ளே போகும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று இடைவிடாமல் ஒப்பிட்டு, வீடுகளில் 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வேறுபாடு வந்தாலே, அதாவது அந்த அளவு மின்சாரம் ஒருவர் உடல் வழியாகவோ ஈரத்தின் வழியாகவோ எர்த்துக்குப் போனாலே, நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. 20 ஆம்பியர் எம்சிபிக்கு 30 மில்லி ஆம்பியர் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் இதயத்தின் துடிப்பைக் குலைக்க அது போதும். புதிய வீடுகளில் 1985 ஜூலை முதல் ஆர்சிசிபி கட்டாயம். அதற்கு முன் கட்டப்பட்ட வீடுகளுக்கும் 2023 ஜூலை 1 முதல் இது கட்டாயமாக்கப்பட்டு, பொருத்திக்கொள்ள அளிக்கப்பட்ட இரண்டு ஆண்டு அவகாசமும் 2025 ஜூலை 1 அன்று முடிந்துவிட்டது.

எம்சிபியின் முகப்பில் 'பி' அல்லது 'சி' என்ற ஆங்கில எழுத்தை அடுத்து ஓர் எண் இருக்கும். அந்த எண்தான் ஆம்பியர் அளவு. விளக்குச் சுற்றுகளுக்கு 6 அல்லது 10, பிளக் பாயிண்டுகளுக்கு 20 அல்லது 32 என்பது வழக்கம். எண்ணைப் பார்த்தே பாதியை ஊகித்துவிடலாம். ஆனால் ஊகம் போதாது, ஒட்டியிருக்கும் சீட்டையும் நம்பக்கூடாது. வீட்டைப் புதுப்பித்தபோது பாயிண்டுகளை இடம் மாற்றியவர்கள் சீட்டையும் மாற்றியிருப்பார்கள் என்பதற்கு உறுதி இல்லை.

எந்த எம்சிபி எதற்கு என்று காட்டும் வரைபடம் தயாரிக்க இருவர் இருந்தால் நல்லது. முதலில் கணினிகளை முறையாக அணைத்துவிட்டு, குளிர்சாதனத்தையும் ரிமோட்டில் நிறுத்திவிடுங்கள். பெட்டியைப் படம் பிடித்து, இடமிருந்து வலமாக எம்சிபிகளுக்கு எண் கொடுங்கள். எல்லா விளக்குகளையும் எரியவிட்டு, ஒரு மேசை விளக்கையோ கைப்பேசி சார்ஜரையோ கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் முதல் எம்சிபியை அணைக்க, மற்றவர் அறை அறையாகச் சென்று எந்த விளக்கு அணைந்தது, எந்தப் பாயிண்டில் மின்சாரம் இல்லை என்று ஒவ்வொன்றிலும் செருகிப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு அறைக்கு ஒரு சுற்று என்று முடிவுகட்டிவிடாதீர்கள். வரவேற்பறையின் ஒரு பாயிண்ட் படுக்கையறைச் சுற்றில் இருப்பதும், சமையலறையின் குளிர்பதனப்பெட்டியும் துணி துவைக்கும் இயந்திரமும் வேறு வேறு சுற்றுகளில் இருப்பதும் உண்டு. குளிர்பதனப்பெட்டியின் சுற்றை அணைத்தால் உடனே திரும்பப் போடாமல் ஐந்து நிமிடம் விட்டுப் போடுங்கள், கம்ப்ரஸருக்கு அது நல்லது. வாட்டர் ஹீட்டருக்கும் குளிர்சாதனத்துக்கும் பெட்டியில் தனி எம்சிபி இருப்பது தவிர, அருகிலேயே தனிச் சுவிட்சும் இருக்கும், அவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். முடிவைத் தமிழில், பெரிய எழுத்தில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டினால், ஊரிலிருந்து வந்து தங்கும் அம்மா அப்பாவுக்கும் அது பயன்படும். அறையைப் பகிர்ந்து குடியிருப்பவர்கள் மற்றவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு இதைச் செய்ய வேண்டும்.

இந்தத் தாள் கையில் இருந்தால், ட்ரிப் ஆகும், அதாவது சுவிட்ச் தானாகக் கீழே விழுந்து மின்சாரம் துண்டிக்கப்படும் நேரத்தில் செய்ய வேண்டியது எளிது. கைகள் உலர்ந்திருக்கட்டும். விழுந்திருப்பது ஒரே ஓர் எம்சிபி என்றால், அந்தச் சுற்றில் உள்ள சாதனங்களைக் கழற்றிவிட்டு, நெம்புகோலை முழுவதுமாகக் கீழே தள்ளிய பிறகு மேலே தூக்குங்கள். சில வகைகள் பாதியில் நின்றிருக்கும், அப்படியே தூக்கினால் பிடிக்காது. ஆர்சிசிபி விழுந்திருந்தால் எல்லா எம்சிபிகளையும் அணைத்து, ஆர்சிசிபியை மேலே போட்டு, பிறகு எம்சிபிகளை ஒவ்வொன்றாகப் போட்டு வாருங்கள். எதைப் போடும்போது ஆர்சிசிபி மீண்டும் விழுகிறதோ, அந்தச் சுற்றில்தான் கசிவு. அதை மட்டும் அணைத்து வைத்துவிட்டு மற்றவற்றைப் பயன்படுத்தலாம். எம்சிபிகள் அனைத்தும் அணைந்திருக்கும்போதே ஆர்சிசிபி நிற்க மறுத்தால் குழம்ப வேண்டாம்: எம்சிபி பொதுவாக மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பியை மட்டுமே துண்டிக்கிறது, அது திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் கோளாறு தொடரும். பிளக்குகளைச் சுவிட்சில் அணைத்தால் போதாது, சுவரிலிருந்து கழற்றுங்கள்; வாட்டர் ஹீட்டரின் சுவிட்ச் இரு கம்பிகளையும் துண்டிப்பது, ஆகவே அதையும் அணையுங்கள். அதன் பிறகும் நிற்கவில்லை என்றால் மின்பணியாளரை அழைப்பதுதான் வழி. கருகிய வாடை வந்தாலோ, பெட்டி சூடாக இருந்தாலோ எதையும் திரும்பப் போடக்கூடாது. நெம்புகோலை டேப் ஒட்டி நிறுத்துவது உயிருடன் விளையாடுவது. யாருக்காவது ஷாக் அடித்துவிட்டால், அவரைத் தொடுவதற்கு முன் மெயினை அணைத்துவிட்டு, அவசர மருத்துவ உதவிக்கு 995ஐ அழையுங்கள்.

ஊரில் ஃபியூஸ் போனால் கேரியரில் கம்பி சுற்றிப் பழகியவர்களுக்கு இன்னொரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். இங்கு ஃபியூஸ் இருப்பது, மூன்று தட்டைக் கால்கள் கொண்ட பிளக்கின் உள்ளேயே. 3, 5, 13 ஆம்பியர் என்று அளவுகள் உண்டு. ஒரு சாதனம் மட்டும் இயங்கவில்லை என்றால் பெட்டிக்குப் போவதற்கு முன் அந்தச் சிறு உருளையை மாற்றிப் பாருங்கள், அதே அளவில். ஊரிலும் இங்கும் மின்னழுத்தம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான்; ஆகவே மிக்சியும் கிரைண்டரும் இங்கு நன்றாகவே ஓடும், மாற்ற வேண்டியது பிளக்கை மட்டுமே. வாட்டை 230ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 750 வாட் மிக்சி சுமார் 3.3 ஆம்பியர்தான் எடுக்கும். 2,200 வாட் கெட்டிலும் 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பும் சேர்ந்தால் 18 ஆம்பியரைத் தாண்டும், 13 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் ஒன்றில் இரண்டையும் செருகவே கூடாது. அடாப்டரும் எக்ஸ்டென்ஷனும் வாங்கும்போது 'சேஃப்டி மார்க்' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

பெட்டியின் வெளிமூடியைத் திறந்து நெம்புகோல்களை இயக்கலாம்; திருகாணிகளைக் கழற்றி உள்ளே கை வைக்கக்கூடாது. வயரிங் வேலையை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளர் மட்டுமே செய்யலாம், மற்றவர் செய்வது குற்றம். ஊரில் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்தவர்களுக்கும் இது பொருந்தும். 2009க்கு முந்தைய வயரிங்கில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல் என்றிருந்தது, பிறகு பழுப்பு, நீலம் என்று மாறியது, இரண்டும் கலந்து கிடக்கும் வீடுகளும் உண்டு. உரிமம் பெற்றவர்களை ஆணையத்தின் இணையத்தளத்தில் தேடலாம்.

இன்னும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதவர்கள், வீடு பார்க்கப் போகும்போதே முகவர் முன்னிலையில் பெட்டியைத் திறந்து, ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால், குடியேறும் முன் மாற்றித் தர வேண்டும் என்று கேட்டு, அதை எழுத்தில் வாங்குங்கள். குறிப்பிட்ட தொகை வரையான சிறு பழுதுச் செலவு வாடகைக்கு இருப்பவருடையது என்ற விதி பல ஒப்பந்தங்களில் இருப்பதால், மின்பெட்டியும் வாட்டர் ஹீட்டரும் அதில் அடங்குமா என்பதையும் அப்போதே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.