குதிரைக் காப்பகத்தில் வேலை: காலிலிருந்து தலை வரை என்ன உடுத்துவது?

காப்பகத்துக்கு உதவிக்கு வர விரும்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது குதிரை கடிக்குமா, உதைக்குமா என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, காலில் என்ன போட்டுக்கொண்டு வருவீர்கள் என்று. கோபமே இல்லாத குதிரைகூட ஈயை விரட்டக் காலைத் தூக்கி, உங்கள் கால்மேல் வைத்துவிடும். வளர்ந்த குதிரை 400, 500 கிலோ இருக்கும். அதனால் கீழிருந்தே தொடங்குவோம்.

1. கால்

கணுக்காலை மூடும் தோல் ஷூ வேண்டும். அடிப்பகுதி தடிமனாக, வழுக்காததாக இருக்கட்டும். கட்டட வேலைக்காரர்கள் போடும் சேஃப்டி ஷூ நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைகளில் கிடைக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். அதன் இரும்பு முனை விரல்களை மட்டும்தான் காக்கும், புறங்காலைக் காக்காது. குளம்புக்கு அருகில் காலை நீட்டாமல் நிற்கப் பழகவும் வேண்டும்.

செருப்பு, சாண்டல், கேன்வாஸ் ஷூ எதுவும் வேண்டாம். வெறுங்கால் வேண்டவே வேண்டாம். குதிரை லத்தி கிடக்கும் மண்ணில் டெட்டனஸ் கிருமி இருக்கும், சின்னக் கீறல் போதும் அது உள்ளே நுழைய. கடைசியாகத் தடுப்பூசி போட்டு 10 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால், வேலைக்கு வருமுன் போட்டுக்கொள்ளுங்கள்.

ரப்பர் பால்வெட்டுக்கும் வயலுக்கும் போடுகிற கம்பூட்ஸ் (முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ்) போதுமா என்று பலர் கேட்பதுண்டு. லாயம் கழுவும்போது அதுதான் நல்லது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு. தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு நின்றால் எலிக்காய்ச்சல் வரலாம். ஆனால் சாதாரண கம்பூட்ஸ் மிதியைத் தாங்காது. கழுவி முடித்ததும் மாற்றிவிட்டுக் குதிரைப் பக்கம் போங்கள்.

2. உடுப்பு

படபடக்கும் எதுவும் கூடாது. சாரம் (லுங்கி), வேட்டி, சேலை, அகலமான பலாசோ எல்லாம் இதில் சேரும். குதிரைக்குக் கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால், நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் தவிர ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். ஓரத்தில் ஒரு துணி அசைந்தால் ஆபத்து என்றே எடுத்துக்கொண்டு ஓடப் பார்க்கும். காப்பகத்துக்கு வருபவை பெரும்பாலும் அடிபட்டு, பட்டினி கிடந்து வந்தவை, அவற்றுக்குப் பயம் இன்னும் அதிகம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் நாளில் துப்பட்டா என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள்!

காலோடு ஒட்டிய பருத்தி பேன்ட், முழுக்கைச் சட்டை போதும். நம் புழுக்கத்துக்கு முழுக்கை எதற்கு என்று தோன்றும். வைக்கோல் கீறாமல், கொசு கடிக்காமல் இருக்க அது வேண்டும். சுடிதார் என்றால் குட்டையான மேல்சட்டை போடுங்கள், துப்பட்டாவை வீட்டில் வையுங்கள். தோளில் துவர்த்தும் (துண்டும்) வேண்டாம்.

3. கழற்ற வேண்டியவை

மோதிரத்தை முதலில் கழற்றுங்கள். அது கயிற்றிலோ கொக்கியிலோ மாட்டி குதிரை இழுத்தால், விரலின் தோலும் சதையும் உரிந்து வந்துவிடும். இதை நான் எல்லோரிடமும் கெஞ்சியே சொல்வேன். வளையல், ஜிமிக்கி, நீளச் சங்கிலியும் அப்படித்தான். தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள் அதைச் சட்டைக்குள் விட்டு, உள்துணியோடு ஊக்கு குத்திக்கொள்ளுங்கள்.

தோவாளைச் சந்தையில் வாங்கிய பூ தலையில் இருந்தால் குதிரை அதை மேயப் பார்க்கும். பையில் வெல்லம், கேரட் இருந்தாலும் துணியோடு சேர்த்துக் கடிக்கும். கொடுப்பதைக் காப்பகத்தில் கேட்டு, தட்டில் வைத்துக் கொடுங்கள்.

4. தலையும் கையும்

முடியைக் கொண்டை போட்டுவிடுங்கள். குதிரையை நடத்திக் கூட்டிப்போகும்போதும், குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்யும்போதும் குதிரைச் சவாரி ஹெல்மெட் போட வேண்டும், தாடைப் பட்டை பூட்டியிருக்க வேண்டும். பைக் ஹெல்மெட் இதற்குச் சரிவராது. காதை மூடும், பக்கவாட்டுப் பார்வையைக் குறைக்கும். பலமாக அடிபட்ட ஹெல்மெட்டில் விரிசல் தெரியாவிட்டாலும் அதை மாற்றிவிடுங்கள்.

கயிறு பிடிக்கக் கையுறை வேண்டும். குதிரை சட்டென்று இழுத்தால் வெறுங்கை எரிந்து தோல் போய்விடும். கையுறை இருக்கிறதென்று கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், மடித்துப் பிடியுங்கள்.

5. மழை நாளில்

குதிரை அருகே குடையை விரிக்கக் கூடாது. போர்வைபோல் தொங்கும் மழைக்கோட்டும் வேண்டாம். சட்டை, பேன்ட் என்று இரண்டாக வருவதை வாங்குங்கள். அது சரசரவென்று சத்தம் போடும். அதனால் வெளியிலேயே மாட்டிக்கொண்டு, பேசிக்கொண்டே மெதுவாகப் போங்கள். குதிரை பார்த்து, மோந்து, சரி என்று நின்ற பிறகு தொடுங்கள்.

6. வீட்டுக்குத் திரும்பியதும்

லாயத்துக்கென்று இரண்டு செட் துணி தனியாக வையுங்கள். படர்தாமரை குதிரையிடமிருந்து மனிதருக்கும் ஒட்டும். அந்தத் துணியை வீட்டுத் துணியோடு சேர்க்காமல், சோப்புப் போட்டு அலசி வெயிலில் உலர்த்துங்கள். ஷூவின் அடியைப் பிரஷால் தேய்த்துக் கழுவி, வாசலுக்கு வெளியே நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் தோல் வெடித்துவிடும். வீட்டில் மாடு, ஆடு இருந்தால் குளித்து உடை மாற்றிய பிறகே தொழுவத்துக்குள் போங்கள்.